வெள்ளைக் குழம்பு

இண்டூர் சவரிராயனுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர் வேலை. 1986இல் கம்பெனி அவனை இரண்டு மாதப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்பியது. தெருவே பஸ் ஏற்றிவிட வந்து மாலை போட்டது. அவன் நினைப்பெல்லாம் மனைவி ராஜமேரியின் வயிற்றில்தான் இருந்தது. ஏற்கெனவே இரண்டு கரு தங்காமல் கலைந்துபோயிருந்தன. இந்தப் பிள்ளையாவது நல்லபடியாகப் பிறக்க வேண்டும், ஞானஸ்நானம் முடியும்வரை இரண்டு பேரும் கவுச்சி தொடுவதில்லை என்று மாதாவுக்கு நேர்ந்திருந்தார்கள்.

ஜப்பானில் கவுச்சி இல்லாமல் சாப்பிடுவது லேசுப்பட்ட காரியமில்லை. கேன்டீனில் எதைத் தொட்டாலும் மீன். ரொட்டியும் வாழைப்பழமும் வெறும் சோறுமாக ஓட்டியதில் பேன்ட் இடுப்பில் நிற்க மறுத்தது. கூட வேலை பார்த்த மோரி, பார்க்கப் பொறுக்காமல் ஒரு சாயங்காலம் அவனைக் கையோடு இழுத்துக்கொண்டு போனார்.

அது ராமென் மட்டுமே போடும் கடை. என்ன இருக்கிறது என்று கேட்கிற வேலையே இல்லை. நீளப் பலகைக்கு முன்னால் போய் உட்கார்ந்தால் ராமென் வரும். பெரிய கிண்ணம் நிறையக் கொதிக்கக் கொதிக்க வெள்ளைக் குழம்பு, அதற்குள் சேமியாவைவிடத் தடித்த நூடுல்ஸ், மேலே வெங்காயத்தாளும் இரண்டு துண்டு கறியும். சவரிராயன் பதறிக் கையை ஆட்டி, "நோ மீட், நோ மீட்" என்றான். மோரி ஏதோ சொல்ல, கடைக்காரர் சிரித்துக்கொண்டே கறியை எடுத்துவிட்டு இன்னும் கொஞ்சம் வெங்காயத்தாளைத் தூவினார்.

சுற்றிலும் எல்லாரும் சர்ர் சர்ரென்று உறிஞ்சினார்கள். கூச்சத்தை விட்டு அவனும் உறிஞ்சினான். குழம்பு வெள்ளையாக இருந்தால் தேங்காய்ப்பால்தான், இண்டூர்க்காரனுக்கு வேறென்ன தோன்றும்? வாடை கொஞ்சம் வேறாகத்தான் இருந்தது. பசித்தவன் மூக்கின் பேச்சைக் கேட்பானா? ஊரைவிட்டு வந்து முதல்முறையாக வயிறு நிறைந்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதன்பிறகு தினமும் அங்கேதான். தலையைக் கண்டதும் கடைக்காரர் கறியில்லாத கிண்ணத்தைக் கொண்டுவந்து வைப்பார்.

ஒருநாள் கொஞ்சம் முன்னதாகவே போய்விட்டான். கடைக்காரர் அண்டாவின் மூடியைத் திறந்து கிளறிக்கொண்டிருந்தார். உள்ளே எலும்பு எலும்பாகக் கிடந்தது. பன்றிக்கால் ஒன்று மேலே வந்து புரண்டது. வெள்ளை எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. வாசலோடு திரும்பியவன் மறுபடி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மிச்ச நாட்களும் ரொட்டிதான்.

வீடு திரும்பியவனுக்கு அதை மறைக்கத் தெம்பில்லை. பெட்டியைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட்டான்.

"பன்னி எலும்புத் தண்ணி மேரி. தெரியாமத்தான் குடிச்சேன். ஒரு நாளு இல்ல, தெனமும் குடிச்சேன்."

ராஜமேரி ஏசவில்லை. நிறைமாத வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "என்னங்க இப்டிப் பண்ணிட்டீங்க" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேச்சு குறைந்துவிட்டது. வயிற்றில் அசைவு நின்ற நேரமெல்லாம் அவனை ஒரு பார்வை பார்ப்பாள். அதற்கு நாலு அறை விட்டிருக்கலாம் என்றிருக்கும் அவனுக்கு.

தர்மபுரி ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தது. வார்டே அதிர அழுதது. சவரிராயன் உள்ளே வரத் துணியாமல் கதவைப் பிடித்தபடி நின்றான்.

"உள்ள வாங்க" என்றாள் ராஜமேரி. பிள்ளையை அவன் கையில் கொடுத்துவிட்டு அவனுடைய மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். எலும்புதான் தட்டுப்பட்டது.

"இத்தினி நாளா பயங்க. பயத்துல உங்க பசிய நான் நெனைக்கவேயில்ல."

அவன் பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான்.

"கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஒண்ணு ஏத்திட்டு வாங்க."

"மாதாகிட்ட மன்னிப்புக் கேக்கவா?"

"அது நான் கேட்டுக்கறேன். இது அந்தக் கடக்காரருக்கு."

"அவரு பேருகூடத் தெரியாதே மேரி."

"தெரியாட்டி என்னங்க? சோறு போட்டவருன்னு சொல்லுங்க."