மேற்குச் சுவரில் ஒரு யன்னல்

நோய் பார்க்க வருகிறவர்களைப் போல ஒரு கரைச்சல் இந்த உலகத்தில் வேறில்லை. இதைச் சொன்னால் எங்கள் ஊர் கரவெட்டியில் எனக்கு அடி விழும். விழட்டும். என்ரை மனிசி படுக்கையில் கிடந்த மாதங்களில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மலாயாவில் ரயில்வேக் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்து, ஊருக்கு வந்து, ஒரு கல்வீட்டையும் கட்டி, இனி இரண்டு பேரும் நிம்மதியாக இருப்போம் என்று காலை நீட்டிய நேரத்தில்தான் அவவுக்கு வயிற்றில் கட்டி என்று கண்டது. எங்களுக்குப் பிள்ளைகுட்டி இல்லை. பட்டினத்து ஆசுப்பத்திரி டொக்டர் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு, கத்தி வைக்கிற கட்டம் தாண்டிவிட்டது, வீட்டில் வைத்து நோவில்லாமல் பாருங்கோ என்று சொல்லி ஒரு மருந்தும் தந்தார். வண்டியில் ஏற்றும்போது அங்கேயிருந்த நேர்ஸ் அம்மா என்னை விடவில்லை.

"ஐயா, புண் வர விடாதேங்கோ. ஒரே பக்கமாய்க் கிடந்தா இடுப்பு அழுகிப் போகும். பிறகு அந்த வேதனைக்கு இந்த மருந்தும் காணாது. மாத்தி மாத்தித் திருப்பி விடுங்கோ."

அவவைக் காப்பாற்ற ஏலாது என்று தெரிந்துபோய்விட்டது. அழுகாமல், அலறாமல், என்னோடு கதைத்துக்கொண்டு போகிறதுக்கு வழி செய்யலாம். அந்த ஒன்றுதான் என் கையில் இருந்தது.

எல்லாம் நானே செய்தேன். காலையில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் துணி நனைத்து உடம்பு துடைப்பேன். பழைய வேட்டியை மடித்து இடுப்புக்குக் கீழே போட்டு, நனைந்தால் உருவிவிட்டு வேறு போடுவேன். கஞ்சி வைத்துக் கரண்டியால் பருக்குவேன். "இதுக்கு உப்புப் போட்டனீங்களோ, இல்லாட்டி உப்புச்சாடிக்குப் பக்கத்தாலை நடந்து போனனீங்களோ?" என்று கேட்பா. வாய் மட்டும் கடைசிவரை படுக்கவில்லை.

ஆம்பிளை ஒருத்தன் இந்த வேலை செய்கிறது ஊருக்குப் பெரிய புதினம். "மலாயாவுக்குப் போனது உந்த வேலையைப் படிக்கவோ தம்பி?" என்று ஒரு பெரியவர் வேலிப் படலையில் நின்று கேட்டார். "ஓம் அண்ணை. நீங்கள் விழுந்தாலும் சொல்லி அனுப்புங்கோ, வாறன்" என்றேன். அதோடு அவர் அந்தக் கதையை விட்டார்.

இவ்வளவு பார்த்தும், ஒருநாள் துடைக்கும்போது வலது இடுப்பில் தோல் சிவந்து, நடுவில் உரிந்திருந்தது. எப்படி வந்தது? நான்தானே தவறாமல் மாத்தி மாத்தி இடது பக்கமும், சுவரைப் பார்க்க, திருப்பி விடுகிறேன்?

அன்றைக்கு ஒளித்து நின்று பார்த்தேன். சுவரைப் பார்க்கத் திருப்பிவிட்டு வெளியே வந்தேன். படலை திறந்த சத்தம் கேட்டது. உடனே இந்த மனிசி கட்டில் சட்டத்தைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, தன்னைத்தானே இழுத்து வலப்பக்கம் புரண்டு, முகத்தில் ஒரு சிரிப்பையும் வைத்துக்கொண்டு கிடக்கிறா! வருகிறவர்கள் இருக்கிற கதிரைகள் அந்தப் பக்கம்தான். ஒருத்தர் போக ஒருத்தர் வர, நாள் முழுக்க அந்த இடுப்பிலேயே கிடந்திருக்கிறா.

"உமக்கென்ன விசரோ?" என்று கத்தினேன்.

"வந்தவைக்கு முதுகு காட்டிக்கொண்டு கிடக்கிறதோ? என்னப்பா கதைக்கிறியள்!"

வருகிறவர்களைப் படலையில் மறிக்கலாம் என்றால், அவ ஒரு வாய் கஞ்சி குடிக்கமாட்டா. கட்டிலைத் தலைமாறிப் போட்டால் தலை வடக்கே போகும், வடக்கே தலை வைத்துக் கிடக்கப்படாது. மற்றச் சுவரில் வாசல். அறை நடுவில் போடலாமென்றால் நேர் மேலே கூரை வளைமரம், வளைக்குக் கீழே வருத்தக்காரரைக் கிடத்தப்படாது என்று அவவே சொல்லிவிட்டா. இரவெல்லாம் யோசித்தேன். மனிசி திரும்பமாட்டா என்றால் சனத்தைத்தான் திருப்பவேண்டும்.

காலையில் மேசனை அலவாங்கோடு கூட்டி வந்தேன். கட்டிலை விறாந்தைக்குத் தூக்கினோம். புழுதி படாமல் இருக்க ஒரு வெள்ளை வேட்டியால் அவவை முகம்வரை போர்த்தினேன். மேசன் கட்டில் கிடந்த பக்கத்து மேற்குச் சுவரை இடிக்கத் தொடங்கினான்.

கூடாத நாளில் சீவன் போனால் பிரேதத்தை வாசலால் எடுக்கிறதில்லை, சுவரை உடைத்து அந்த வழியால்தான் எடுக்கிறது. இது எங்கள் ஊர் வழக்கம். சத்தியமாக அந்த நேரம் இது என் மூளைக்கு எட்டவில்லை. அலவாங்குச் சத்தம் அயலுக்குக் கேட்டதுதான் தாமதம், "ஐயோ, போயிட்டாவோ என்ரை அக்கா!" என்று பெண்டுகள் தலைமயிரை விரித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். விறாந்தையில் வெள்ளைத்துணியால் மூடிய உருவம். கேட்கவேண்டுமா! மாரடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அவ வேட்டியை மெல்ல இறக்கினா.

"இன்னும் இல்லையடி பிள்ளையள். வந்த நீங்கள் இருந்து தண்ணி வென்னி குடிச்சிட்டுப் போங்கோ."

ஒருத்தி அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். நோவையும் மறந்து என்ரை மனிசி சிரித்த சிரிப்பு இப்பவும் என் காதில் இருக்கிறது.

யன்னல் வைத்தாயிற்று. வெளியே வேப்பமர நிழலில் ஆட்கள் இருக்க நீள வாங்கொன்று போட்டேன். கட்டிலை யன்னலோடு ஒட்டிப் போட்டு, உள்ளே ஒரு கதிரையை மட்டும் எனக்கு வைத்துக்கொண்டு, மற்றக் கதிரை எல்லாவற்றையும் தூக்கி எறிந்தேன். நோய் பார்க்கிறவர்கள் இனி அங்கே.

"வீடு கட்டேக்கையே இந்த இடத்திலை யன்னல் கேட்டனான். மேல்வெயில் அடிக்கும் எண்டனீங்கள். இப்பதான் உங்களுக்குக் காது கேட்டதாக்கும்" என்றா.

அதற்குப் பிறகு இடது பக்கமாகவே கிடந்து, யன்னலால் ஊர்ப் புதினம் முழுக்கக் கேட்டா. கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரால் நான் நாள் தவறாமல் புண்ணைக் கழுவினேன். இடது இடுப்பு களைத்தால் கொஞ்சம் மல்லாத்தி, பிறகு திருப்பி விடுவேன். புண் மெல்ல மெல்லக் காய்ந்து தோல் மூடிவிட்டது. அன்றைக்கு நேர்ஸ் அம்மா நின்றிருந்தால் காலில் விழுந்து கும்பிட்டிருப்பேன். ஒன்று மட்டும்தான் குறை. என் கதிரை அவவின் முதுகுப் பக்கம். முழு நாளும் அவவின் பின்கொண்டையோடுதான் என் கதை.

மாரி தொடங்கியது. ஒருநாள் விடியத் தொடங்கிய மழை விடவேயில்லை. ஒழுங்கையெல்லாம் வெள்ளம். கஞ்சி இறங்காமல் போய் இரண்டு மூன்று நாள் ஆகியிருந்தது. மத்தியானம் போல மெதுவாகக் கேட்டா.

"இஞ்சாருங்கோ, இண்டைக்கு ஆரும் வருவினமோ?"

"இந்த மழைக்கை ஆர் வாறது?"

"வடிவாய்த் தெரியுமோ?"

"ஓம். ஒருத்தரும் வராயினம்."

"அப்ப என்னை உங்கடை பக்கம் திருப்பி விடுங்கோ."

திருப்பினேன். காய்ந்த இடுப்புக்குக் கீழே மெத்தென்று துணி வைத்தேன். "நோகுதோ?" என்றேன். இல்லை என்று கண்ணால் சொன்னா. என் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தா.

"தாடி வழிக்கிறேல்லையோ? நான் போக முன்னமே சாமியாராப் போறியள் போலை."

நான் அழுதேன். ஏன் பொய் சொல்லவேண்டும், குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதேன். என் விரலைப் பிடித்துக்கொண்டு அவ நித்திரையானா. மழை விட்டபோது மூச்சு இல்லை.

என் அழுகைச் சத்தம் கேட்டுப் பெண்டுகள் வந்தார்கள். இந்தமுறை ஒருத்தரும் ஓடி வரவில்லை. வழக்கப்படி கை கால் நீட்டி நேராகக் கிடத்தவேண்டும் என்று கட்டிலுக்குக் கிட்ட வந்தார்கள்.

"கொஞ்சம் பொறுங்கோ பிள்ளையள்" என்றேன். "அவ இப்பதான் இந்தப் பக்கம் திரும்பினவ."