நண்டுக்குப் போட்ட அம்மை

செட்டிநாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் மாளிகை வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். அந்த மாளிகைகளின் அடுப்படிக்கு நண்டு கொண்டுபோன காளியாயியைப் பற்றி எழுத ஒருவருக்கும் கை வரவில்லை. அந்த எரிச்சலில்தான் நான் எழுதுகிறேன்.

கண்டரமாணிக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் அவளுக்கு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கம். புருஷன் ரங்கூனுக்குக் கூலி வேலைக்குப் போய் அங்கேயே காய்ச்சலில் செத்துப்போனான். மிஞ்சியது ஏழு வயது மகள் ராக்காயி மட்டும்தான். கண்மாய்க்கரை வளைகளில் கையை விட்டு நண்டு பிடிப்பது காளியாயியின் பிழைப்பு. உள்ளே இருப்பது பாம்பா நண்டா என்று வளைவாயின் ஈரத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அந்தச் சித்திரை மாதம் வரைக்கும் அவள் எதற்கும் பயந்ததில்லை.

அந்த வருஷம் கண்மாய் வற்றி, நடுவில் கொஞ்சம் நாறிய தண்ணீர் கிடந்தது. நண்டெல்லாம் அந்தச் சேற்றில் நெருக்கியடித்துக்கொண்டு ஒன்றையொன்று கடித்தன. சுற்றுவட்டாரத்தில் பெரியம்மை விழுந்திருந்த நேரம் வேறு. ஒருநாள் செட்டியார் வீட்டு அடுப்படியில் அவள் கூடையைக் கவிழ்த்ததும் சமையல்காரர் சொக்கு பதறிப் பின்வாங்கினார். நண்டு ஓடுகளில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி.

“ஏத்தா, நண்டுக்கு அம்மை போட்டிருக்கு! எடு, எடு, அங்குட்டுக் கொண்டு போ!”

பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்க அதே பேச்சு. நண்டுக்காரி கண்மாயிலிருந்து அம்மையைக் கூடையில் அள்ளி வந்துவிட்டாளாம். ஊர்த்தலைவர் மருது அம்பலம் தெருவில் நின்று சத்தம் போட்டார்: “இனிமே இந்த ஊருல ஒரு வீட்டுல அம்மை கண்டாலும் நண்டுக்காரி இங்க இருக்கக் கூடாது!”

மறுநாள் ராக்காயிக்கு உடம்பு கொதித்தது. மூன்றாம் நாள் நெற்றியில் முத்து கண்டது. அம்மைக் கொப்புளத்தை முத்து என்றுதான் சொல்ல வேண்டும். மாரியாத்தா வாரி இறைத்ததைப் புண் என்று யாரும் சொல்வதில்லை.

சளிக்கு நல்லது என்று காளியாயி, செட்டியார் வீட்டுக்குப் போகும் முன்பே, அதே கூடை நண்டை இடித்துத்தான் மகளுக்கு ரசம் வைத்துக் கொடுத்திருந்தாள். “நானே எம்புள்ளைக்கு ஊத்திக் குடுத்திட்டேனே” என்று தலையில் அடித்துக்கொண்டாள், அதையும் சத்தம் வராமல். அம்மை கண்ட வீடு என்று தெரியக் கூரையில் வேப்பிலை செருக வேண்டும். செருகினால் ஊர் விரட்டும். இந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இந்த வெயிலில் எங்கே போவது? செருகாவிட்டால் ஆத்தா கோபிப்பாள். அவள் செருகவில்லை.

கூடையில் புள்ளியில்லாத நண்டு ஒன்று தங்கிவிட்டது. அம்மை வீட்டில் கவிச்சி ஆகாது. வெளியே கொண்டுபோனால் யாராவது பார்ப்பார்கள். பதற்றத்தில் அதைப் பிடித்திழுத்தபோது ஒரு கால் கையோடு வந்துவிட்டது. நண்டைப் பானையில் போட்டு மூடினாள்.

சாயங்காலம் திறந்து பார்த்தாள். கால் போன இடத்தில் வெளிர்நீலத் தண்ணீர் கசிந்து, கஞ்சி ஆறியதுபோல் உறைந்திருந்தது. மறுநாள் அது பழுப்பு. அடுத்த நாள் கறுப்பு. ஊரே அம்மை என்ற அதே கறுப்பு.

காளியாயி பானையின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நண்டின் ரத்தத்தில் காவல் அணுக்கள் உண்டு என்பதோ, ஓடு உடைந்த இடத்தில் கிருமி நுழைந்தால் அவை சூழ்ந்துகொள்ளும், ரத்தம் உறைந்து வழியை அடைக்கும், அந்த இடம் கறுத்து இறுகிக் கிருமியை உள்ளேயே மடக்கிவிடும் என்பதோ அவளுக்குத் தெரியாது. தான் ஒடித்த இடம்தான் கறுத்தது என்பது மட்டும் தெரிந்தது. அது நோயல்ல, புண் ஆறுகிற அடையாளம். மகளுக்கு அம்மையைக் கொடுத்தது அவளில்லை. ஆனால் இதை ஊரில் யாரிடம் போய்ச் சொல்வது?

முத்து கண்ட ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டுச் சோணையம்மாள் சுவருக்கு அந்தப்பக்கமிருந்து கேட்டாள்: “ஏண்டி காளியாயி, நாலு நாளா ஒன் வீட்டுல தாளிக்கிற சத்தமே காணோமே?”

அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது. கடுகு வெடித்தால் ஆத்தாளுக்கு ஆகாது. வெடிக்காவிட்டால் குட்டு உடைந்துவிடும். காளியாயி சட்டியை ஏற்றி, எண்ணெய் ஊற்றி, கடுகைக் கையில் எடுத்தாள். ஒரே ஒரு தடவை சடசடத்தால் போதும், சோணையம்மாள் வாயை மூடிக்கொள்வாள். உள்ளே ராக்காயி முனகினாள். கடுகு கையிலிருந்து தரையில் கொட்டியது. காளியாயி வாய்விட்டு அழுதாள்.

சோணையம்மாள் வந்து எட்டிப் பார்த்தாள். விறுவிறுவென்று திரும்பிப் போனாள். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று மகளை மடியில் போட்டுக்கொண்டு காளியாயி காத்திருந்தாள். அழுகைச் சத்தம் தெருவரைக்கும் போயிருந்தது; காலடிகள் கேட்டன. மருது அம்பலத்தின் குரல் கேட்டது. மகளைப் பாயில் கிடத்திவிட்டு வாசலுக்கு வந்தாள்.

எல்லோருக்கும் முன்னால் சோணையம்மாள் வேகமாக வந்து, கையிலிருந்த வேப்பங்கொத்தைக் கூரையில் செருகினாள். “இப்பப் பேசுங்க அம்பலம்.”

கத்திக்கொண்டு வந்த மனுஷர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டுக் கும்பிட்டார். மாரியாத்தா உட்கார்ந்திருக்கிற வீட்டை வெளியே போ என்று சொல்ல எவனுக்குத் தைரியம் வரும்? எந்த இலைக்குப் பயந்து காளியாயி செத்துப் பிழைத்தாளோ, அந்த இலைதான் அவளைக் காப்பாற்றியது.

அவள் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “இந்தக் கால ஒடிச்சது நானுய்யா. ஒடிச்ச எடந்தான் கறுத்திருக்கு. இது அம்மை இல்ல. ஏன் அங்குட்டே நிக்கிறீக? வந்து பாருங்க!”

ஒருவரும் கிட்டே வரவில்லை. “புள்ளையப் பாரு ஆத்தா” என்றார் மருது. அவளைச் சொன்னாரா, மாரியைச் சொன்னாரா, தெரியாது.

ராக்காயி பிழைத்தாள். முத்தெல்லாம் கறுத்து உதிர்ந்து, மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடித்த அன்று, காளியாயி தண்ணீர் தெளித்துப் பருக்கை போட்டு வைத்திருந்த பானையைத் தானே போய்த் திறந்து பார்த்தாள். நண்டு பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டிருந்தது. கறுப்புத் தழும்பு அந்த ஓட்டோடு போய்விட்டது. புது உடம்பில் குட்டியாக ஒரு கால் முளைத்திருந்தது.

ராக்காயி தன் கன்னத்துக் குழிகளைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். “ஆத்தா, நான் எப்ப ஓட்டைக் கழட்டுவேன்?”

காளியாயி சுவரில் தொங்கிய கைக்கண்ணாடியை எடுத்துக் கூரை ஓலைக்குள் ஆழமாகச் செருகி மறைத்தாள்.