அப்பா நடுவராக நின்ற ஆட்டம்

என் அப்பா ஹொக்கி நடுவரானது கதிரைகளை அடுக்கப் போய்த்தான்.

ஜேர்மனியில், கொலோன் நகரத்திலிருந்து ரயிலில் முக்கால் மணி தள்ளியிருக்கும் சிறிய ஊர் எங்களுடையது. பல்வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்த ஓர் இளம்பெண், ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டிக் கிடக்கும் சுப்பர்மார்க்கெட்டின் கார்த் தரிப்பிடத்தில் இரண்டு சிறிய கோல்களை வைத்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பந்து ஹொக்கி சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். பனித்தரையும் வேண்டாம், சறுக்குச் சப்பாத்தும் வேண்டாம். ஒரு தடி, செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பந்து, ஓடுவதற்குக் கால்கள், அவ்வளவுதான். முதலில் போனவர்கள் ஒரு கைவிரல்களுக்குள் அடங்குவோம். அதில் நானும் ஒருத்தி. சில குளிர்காலங்கள் போவதற்குள் எங்களுக்கு ஒரு கழகமும், நீல நிற மேற்சட்டைகளும், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பலகை அடைத்த ஒரு தார்த்தரையும் வந்துவிட்டன. பக்கத்து ஊர்களோடு விளையாடித் தோற்றோம். பிறகு கொஞ்சம் குறைவாகத் தோற்றோம். பிறகு எப்படியோ வெல்லத் தொடங்கிவிட்டோம். மாநிலப் போட்டியில் சேரலாம் என்று, இப்போது எங்கள் பயிற்சியாளராகிவிட்ட அந்தப் பெண் சொன்னபோது எனக்குப் பன்னிரண்டு வயது.

மாநிலச் சங்கம் ஒரு நிபந்தனை வைத்திருந்தது. ஒவ்வொரு கழகமும் பயிற்சி பெற்ற ஒரு நடுவரையாவது தரவேண்டும். அதற்காகப் பெற்றோர் கூட்டம் கூடியது. யார் முன்வருகிறீர்கள் என்று பயிற்சியாளர் கேட்டதும், அங்கிருந்த பெரியவர்கள் எல்லாரும் தங்கள் சப்பாத்துகளை அன்றுதான் முதன்முதலாகக் காண்பவர்கள்போலக் குனிந்து பார்த்தார்கள். அப்பா முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை முடித்து நேரே வந்து, பின்வரிசையில் அரைத் தூக்கத்தில் இருந்தார். அவருடைய ஜேர்மன் சமையலறைக்குப் போதுமானது, கூட்டங்களுக்குக் காணாது. எல்லாம் முடிந்துவிட்டது, உட்கார்ந்திருந்த கதிரைகளை அடுக்க ஆள் கேட்கிறார்கள் என்று நினைத்துக் கையை உயர்த்தினார். கைதட்டல் எழுந்தது. ஒருவர் எழுந்து வந்து கைகுலுக்கினார். அதற்குப் பிறகு மாட்டேன் என்று சொல்வது அப்பாவின் சுபாவத்தில் இல்லை.

"உங்களுக்குக் கிரிக்கெட்டே ஒழுங்காத் தெரியாதே," என்று அம்மா தலையில் கை வைத்தார்.

"அதுதான் நல்லது. குழம்புறதுக்கு ஒண்டும் இல்லை," என்றார் அப்பா.

சட்டப் புத்தகத்தை நான் சாப்பாட்டு மேசையில் வைத்து வாசிப்பேன். ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்ல, அப்பா சோற்றைப் பிசைந்தபடி தலையாட்டுவார். நடுவரின் கைச்சைகைகளைக் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் பழகினார். கீழ்வீட்டுக்காரருக்குப் பயந்து விசிலைத் தலையணைக்குள் வைத்து ஊதினார். பரீட்சையில் ஒருதரம் தவறி, மறுதரம் தேறினார். பிறகு சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளின் ஆட்டங்களுக்குப் போய் நிற்கத் தொடங்கினார். அங்கே நான் ஒன்றைக் கண்டேன். அப்பா விசிலை ஊதிக் கையைக் காட்டினால் ஆட்டம் நின்றது. ஜேர்மன்காரப் பயிற்சியாளர்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் கேட்டார்கள். அலுவலகங்களில் அவர் ஒரு வசனத்தை மூன்றுதரம் திருப்பிச் சொல்வதைப் பார்த்துப் பழகியவள் நான். இது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

மாநிலப் போட்டியில் எங்கள் முதல் வருடம் அது. யாரும் எதிர்பாராதபடி, வென்றால் இறுதிச் சுற்று என்ற நிலைமைக்கு வந்துவிட்டோம். கடைசி ஆட்டம் வேறொரு நகரத்தில், அந்தக் கழகத்தின் மண்டபத்தில் நடந்தது. கூரை போட்ட மண்டபம், படிப்படியாக இருக்கைகள். கார்த் தரிப்பிடத்தில் பழகிய எங்களுக்குக் கால் கூசியது. அப்பா என்னையும் என் அணிப் பிள்ளைகள் இருவரையும் தன் காரில் ஏற்றிக்கொண்டு, வெறும் பார்வையாளராகத்தான் வந்தார்.

ஆட்டத்துக்கு இரண்டு நடுவர்கள் வேண்டும். நரைமுடிப் பெண்மணி ஒருவர் வந்திருந்தார். மற்றவர் ஓட்டோபான் நெடுஞ்சாலையில் ஏதோ விபத்தால் மாட்டிக்கொண்டார். மண்டபத்தை அடுத்த ஆட்டக்காரருக்கு விடவேண்டும், காத்திருக்க முடியாது. இரு பக்கமும் சம்மதித்தால் அங்கே இருக்கும் பயிற்சி பெற்ற ஒருவர் நிற்கலாம் என்று சட்டம் இடம் கொடுத்தது. அங்கே அப்படி இருந்தவர் அப்பா ஒருவர்தான். எதிரணிப் பயிற்சியாளர் அப்பாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் அவருடைய மகள் என்பதை யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அந்த மண்டபத்தில் எங்கள் நிறத்தில் இருந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே. கொஞ்சம் யோசித்து, சரி என்று தோளைக் குலுக்கினார்.

அப்பா என்னிடம் வந்து, "நான் ஏலாதெண்டு சொல்லட்டோ?" என்று கேட்டார்.

"சொன்னா விளையாட்டே நடக்காது அப்பா."

அவர் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். அது அவருக்கு முழங்கால் வரை தொங்கியது. எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் வென்றுவிட்டோம் என்றே அப்போது எனக்குத் தோன்றியது.

முதல் பாதியில் எதிரணிப் பையன் ஒருவன் எங்கள் ஆளைக் காலில் தட்டி விழுத்தினான். அப்பா ஊதினார். அவனை வெளியே அனுப்பினார். ஆள் குறைந்த அந்த நேரத்தில் நாங்கள் கோல் அடித்தோம். சிவப்பு மழைச்சட்டை போட்ட ஒரு மனிதர், அந்தப் பையனின் தகப்பனாக இருக்கவேண்டும், இருக்கையிலிருந்து எழுந்து ஜேர்மனில் கத்தினார்.

"அப்பா ஊதுறார், பிறகென்ன!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நல்ல வேடிக்கை என்று பக்கத்தில் இருந்தவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அதன்பிறகு அப்பா எங்களுக்குச் சாதகமாகக் கை காட்டும்போதெல்லாம் "அப்பா! அப்பா!" என்று தாளம் போட்டார்கள். அப்பா அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. அவருக்கு விளங்கவில்லை என்று நான் நினைத்தேன். இவ்வளவு கத்துவது விளங்காமல் இருப்பது நல்லதுதான் என்றும் நினைத்தேன்.

இரண்டாம் பாதியில் நான் ஒருத்தியின் தடியைத் தட்டிவிட்டேன். எல்லா ஆட்டத்திலும் நடக்கும் விஷயம் அது, அநேகமாக யாரும் அதற்கு ஊதமாட்டார்கள். அப்பா ஊதினார். இரண்டு நிமிடம் வெளியே. என்னைக் கடந்து போகும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் வெளியே இருக்கும்போது அவர்கள் ஒரு கோல் அடித்துச் சமப்படுத்தினார்கள். பிறகு அவர்கள் இன்னொன்று, நாங்கள் ஒன்று. கடிகாரம் கடைசி நிமிடத்துக்குள் வந்தபோது இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கோல். சமநிலை அவர்களுக்குப் போதும். முன்னைய புள்ளிகளில் அவர்கள் மேலே இருந்தார்கள். எங்களுக்கு ஒரு கோல் வேண்டும்.

எங்கள் பயிற்சியாளர் பலகையைத் தட்டித் தட்டிக் கத்தினார். தொண்டை அடைத்து அவர் சொல்வது எதுவும் கேட்கவில்லை. யாரோ அடித்த பந்து கோல்காப்பாளரின் காலில் பட்டு மேலே எழும்பியது. அது இறங்கி வரும் இடத்தில் நான் நின்றேன். யோசிக்கவில்லை. தடியை வீசினேன். பந்து வலைக்குள் போனதைக் கண்ணால் காண்பதற்கு முன்பே சத்தத்தில்தான் அறிந்தேன். என் அணி முழுவதும் என்மேல் வந்து விழுந்தது. யாரோ என் தலைக்கவசத்தைக் குத்தினார்கள், யாரோ அழுதார்கள். அந்தக் குவியலுக்கு அடியிலிருந்துதான் விசிலைக் கேட்டேன்.

அது நீளமாக, விடாமல் ஊதிய விசில். தலையைத் தூக்கிப் பார்த்தேன். அப்பா கோலுக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் அகல விரித்துக் காட்டினார். கோல் செல்லாது.

மற்ற நடுவர் தூரத்திலிருந்து ஓடி வந்து என்ன என்று கேட்டார். "தடி உயரம்," என்று அப்பா ஜேர்மனில் சொன்னார். கோலின் குறுக்குச்சட்டத்துக்கு மேலே தடியைத் தூக்கிப் பந்தை அடித்தால் அந்தக் கோல் கணக்கில் வராது. அதை அவருக்கு வாசித்துக் காட்டியவளே நான்தான். நரைமுடிப் பெண்மணி தன் இடத்திலிருந்து தனக்குத் தெரியவில்லை என்றார். அருகில் நின்றவர் அப்பா. அவர் சொன்னால் சொன்னதுதான். மிச்சமிருந்த விநாடிகள் எப்படிப் போயின என்று எனக்கு நினைவில்லை.

முடிந்ததும் சிவப்பு மழைச்சட்டைக்காரர் இறங்கி வந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மிக நேர்மை, மிக நேர்மை என்று தோளிலும் தட்டினார். அப்பா நன்றி சொன்னார். என் பயிற்சியாளர் அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருப்பதற்கு அவர் பட்ட பாட்டை எல்லாரும் கண்டார்கள். எங்கள் காரில் வந்த இரண்டு பிள்ளைகளும் திரும்பும்போது பயிற்சியாளரின் வான் வண்டியில் ஏறிக்கொண்டார்கள்.

அடுத்த வருடம் நாங்கள் இறுதிச் சுற்றுக்குப் போனோம். இன்றைக்கு அந்தக் கழகத்துக்குச் சொந்தமாகக் கூரை போட்ட மண்டபம் இருக்கிறது, வயதுவாரியாக அணிகள் இருக்கின்றன. சேர வரும் பிள்ளைகளைக் காத்திருக்கச் சொல்கிறார்கள். அப்பாவும் முழங்கால் பழுதாகும்வரை மாநிலம் முழுக்கப் போய் நடுவராக நின்றார். எங்கள் அணி ஆடும் எந்த ஆட்டத்துக்கும் மட்டும் பிறகு நிற்கவில்லை. அன்றைக்கு என் தடி உயர நின்றதா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. பந்தைத்தான் பார்த்தேன், தடியைப் பார்க்கவில்லை.

அன்று திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. நான் பின் இருக்கையில் போய் இருந்தேன். ஓட்டோபான் ஓரத்துத் தரிப்பிடம் ஒன்றில் அப்பா காரை நிறுத்தி, நனைந்துகொண்டே போய், உருளைக்கிழங்குப் பொரியல் ஒரு பெட்டியில் வாங்கிவந்து பின்னால் நீட்டினார். நான் வாங்கவில்லை. அதைப் பக்கத்து இருக்கையில் வைத்தார். சாவியைத் திருப்பப் போனவர், திருப்பாமல், கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி கேட்டார்.

"பிள்ளை, உன்ர தடி உயரத்தானே நிண்டது?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. முழு மண்டபத்துக்கும் முன்னால் கையை விரித்துக் காட்டியவர், இப்போது என்னிடம் பாடம் ஒப்புவிக்கக் கேட்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

"நீங்கள்தானே பாத்தனீங்கள்?"

அவர் சாவியிலிருந்து கையை எடுத்தார்.

"ஓம்," என்றார். "ஓம். நான்தான் பாத்தனான்."

அப்பாவை மடக்கிவிட்டேன். அன்றைய நாளில் நான் வென்றது அது ஒன்றுதான். அந்தத் திருப்தியில் முன்னால் எட்டிப் பெட்டியை எடுத்து, பொரியல் முழுவதையும் நானே சாப்பிட்டு முடித்தேன். அப்பா இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி அப்படியே இருந்தார். மழை விடட்டும் என்று காத்திருக்கிறார் என்று அன்றைக்கு நான் நினைத்தேன்.