பொறந்த வூட்டுச் சேலை

துணிக்கடைக்காரர் விரித்துப் போட்ட சேலைகளில் பாதி சிவப்பு. பச்சமுத்து சித்தப்பா அவற்றை ஒரு கையால் ஒதுக்கினார்.

"சூளை வாயில நின்னு நின்னு இந்தக் கலரைப் பாத்தாலே கண்ணு எரியுது. வேற எடுங்க."

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் சூளை அடுக்குகிறவர் அவர். எங்களுக்குப் பக்கத்து வீடு. சொந்தமில்லை, சின்ன வயதிலிருந்து சித்தப்பா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது. அவர் புருவத்தில் எப்போதும் வெள்ளை மண் ஒட்டியிருக்கும், குளித்தாலும் முழுசாகப் போகாது. நான்கு வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பி வந்தபோது தெருவே கேள்வி கேட்டது. அவர் மட்டும், "எளச்சுப் போயிட்டியே, சாப்டியா?" என்றார்.

அன்று காலை பத்து மணிக்குக் கம்பெனிக்கு ஒரு போன். கிளார்க் தேவநாதன் எடுத்துவிட்டுச் சூளைப் பக்கம் வந்தார்.

"அண்ணே, மங்களூருல உங்க தங்கச்சி வூட்டுலேருந்து போன். பொறந்த வூட்டு சேலை எடுத்துக்கிட்டு உடனே வரணுமாம்."

"யாரு பேசுனது?"

"ஆம்பளக் குரலு. பேரு கேக்கறதுக்குள்ள வெச்சிட்டாரு."

மங்களூர் என்றால் கர்நாடகத்து மங்களூர் இல்லை, திட்டக்குடிக்கு அந்தப் பக்கத்துக் கிராமம். அது இரண்டாயிரத்து நான்காம் வருஷம். பொங்கலுக்கு மூன்று நாள் இருந்தது. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பொங்கலுக்குப் பிறந்த வீட்டுச் சேலையும் வரிசையும் போகவேண்டும். மூன்று வருஷமாகச் சித்தப்பா கொண்டுபோகவில்லை.

சித்தப்பாவின் அம்மா இறந்தபோது அவர் தங்கை கொளஞ்சிக்கு நான்கு வயது, அவருக்குப் பதினான்கு. சோறு ஊட்டியது, சடை பின்னியது, காய்ச்சலுக்கு வேப்பூர் வரை தோளில் தூக்கிப்போனது எல்லாம் அவர்தான். கலியமூர்த்திக்குக் கட்டிவைத்ததும் அவரே. கொளஞ்சியின் மகள் பூர்ணிமாவின் மஞ்சள் நீராட்டில்தான் எல்லாம் கெட்டது. தாய்மாமன் வரிசை முதலில் சபைக்கு வரவேண்டும். அன்று சூளை பிரித்து வெந்த சாமானை இறக்குகிற நாள், நேரத்துக்குக் கிளம்ப முடியவில்லை. இவர் போய்ச் சேர்வதற்குள் கலியமூர்த்தியின் பங்காளிகள் தங்கள் தட்டை வைத்துவிட்டார்கள். கொண்டுபோன தட்டைக் கீழே வைக்காமல் அப்படியே திரும்பி நடந்தார் சித்தப்பா. கொளஞ்சி தெருமுனை வரை அழுதுகொண்டே ஓடிவந்தாள். இவர் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு இரண்டு தடவை ஆள் விட்டுப் பார்த்தார். 'எனக்கு அண்ணன்னு யாரும் கெடையாது' என்று கொளஞ்சியிடமிருந்து பதில் வந்தது.

அதனால்தான் அந்த போன் வந்ததும் வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தார்.

"அவளே கேட்டுட்டா பாத்தியா" என்றார் வளர்மதி சித்தியிடம். "வாய் விட்டுக் கேட்டுட்டா."

"மூணு வருஷம் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தவருக்கு வந்த சிரிப்பப் பாரு" என்றாள் சித்தி. அவளுக்குக் கால் வீங்கியிருந்தது, பஸ் ஏற முடியாது. வரிசைத் தட்டு எடுக்க ஒரு பெண் வேண்டும். சித்தப்பா என்னைப் பார்த்தார். "சும்மாதான இருக்க, வாயேன். நாலு ஊரு பாத்தவ, கலரும் பாத்துச் சொல்லுவ."

கடையில் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

"பச்சை காட்டட்டுங்களா?" என்றார் கடைக்காரர்.

"ஐயோ, வேணாம். முன்ன ஒரு தடவ பச்சை எடுத்தாந்தேன். இதக் கட்டிக்கிட்டு கொல்லையில நின்னா மாடு மேஞ்சிடும்ணான்னு திட்டுனா."

"தங்கச்சி என்ன நெறங்க?"

"என் நெறந்தான். ஆனா கருப்புன்னு சொல்லிடாதீங்க, அவ காதுல வுழுந்துடும்."

மாம்பழ நிறத்தில் கத்திரிப்பூக் கரை போட்டது ஒன்றை நான் எடுத்துக் கொடுத்தேன். அதைத் தன் முழங்கையின் மேல் போட்டுப் பார்த்தார். மடித்தார், மறுபடி விரித்தார். "இதான்" என்றார்.

அதற்கப்புறம் மஞ்சள், குங்குமம், கண்ணாடி வளையல், நான்கு முழம் மல்லிகை, வாழைப்பழம், இரண்டு கரும்பு. சவரம் வேறு பண்ணிக்கொண்டார்.

"உடனே வரச் சொன்னாங்களே, சித்தப்பா."

"மூணு வருஷம் கழிச்சுப் போறேன். ஒண்ணு கொறஞ்சாலும் பொங்க முடியறவரைக்கும் சொல்லிக் காட்டுவா. உனக்கு அவளத் தெரியாது."

பஸ்ஸில் கண்டக்டர் கரும்பைப் பார்த்துவிட்டு, "இதுக்கும் டிக்கெட்டு போடணும் பெரியவரே" என்றார்.

"போடுங்க. ஆனா அதுக்கு ஜன்னல் சீட்டு வேணும்" என்றார் சித்தப்பா. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. திட்டக்குடியில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நின்றோம். அப்போதும் கொளஞ்சி பேச்சுதான்.

மங்களூரில் இறங்கும்போது மணி ஐந்து. தெருப் பக்கமிருந்து சாவு மேளம் கேட்டது.

சித்தப்பா டீக்கடையில் நின்று, "யாரு வூட்டுலங்க?" என்று கேட்டார்.

டீக்கடைக்காரர் அவரைப் பார்த்தார். துணிக்கடைப் பையைப் பார்த்தார். பிறகு வெளியே வந்து, சித்தப்பாவின் தோளிலிருந்த கரும்பைத் தானே இறக்கிச் சுவரில் சாய்த்தார்.

"நீங்க போங்க. பொறந்த வூட்டு சேலைக்காகத்தான் இன்னும் எடுக்காம வெச்சிருக்காங்க."

கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கடைசியாக ஒரு சேலை உண்டு. அது வந்து போர்த்தாமல் தூக்கமாட்டார்கள். செய்தியை அப்படியே சொன்னால் வழியில் விழுந்துவிடுவார், சேலை என்றாலே அண்ணனுக்குப் புரிந்துவிடும் என்று நினைத்திருக்கிறார்கள். வேறு மாதமாக இருந்தால் புரிந்திருக்கும்.

சித்தப்பா ஓடவில்லை. நடந்துதான் போனார். நான் பையோடு பின்னால் போனேன்.

கலியமூர்த்தி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தார். "காலையிலேருந்து உங்களத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம் மச்சான். பொழுது சாயப்போவுது. இனிமே வெச்சிருக்க முடியாது."

பெண்கள் பையை வாங்கிப் பிரித்தார்கள். கொளஞ்சி சுமங்கலியாகப் போனவள். மஞ்சள் வேண்டும், இருந்தது. குங்குமம் இருந்தது. வளையல், பூ எல்லாம் இருந்தன.

"ஒண்ணு வுடாம எடுத்தாந்திருக்காரு அண்ணன்" என்றாள் ஒருத்தி.

"கலரு எடுப்பா இருக்குது" என்றாள் இன்னொருத்தி. அந்தச் சேலையை எடுத்துக் கொடுத்த என் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கால் மணி நேரம்தான் தந்தார்கள். சித்தப்பா அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். சேலை மூலையில் கடைச் சீட்டு ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார். பாதிதான் வந்தது. அதற்குள் எடுத்துவிட்டார்கள்.

எல்லாம் முடிந்து, குளித்த ஈரத்தோடு வாசலில் உட்கார்ந்திருந்தவர் பூர்ணிமாவைக் கூப்பிட்டார். அவளுக்குப் பதினைந்து வயது. முகம் வீங்கியிருந்தது.

"போன் யாரு பண்ணது சாமி?"

"பெரியப்பாதான் மாமா."

"அம்மா பண்ணச் சொல்லிச்சா?"

"இல்ல மாமா. அதுக்கு முன்னயே..."

"முன்ன நாளு எதுனா சொல்லிச்சா? பொங்கலு வருது, மாமாவக் கூப்புடலாம், அப்புடி எதுனா."

அந்தப் பெண்ணுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தாள். "மாட்டுக்குத் தவிடு வெச்சிட்டு வந்து, நெஞ்சு வலிக்குதுன்னு படுத்தாங்க. தண்ணி கேட்டாங்க. வேற ஒண்ணும் கேக்கல மாமா."

சித்தப்பா ஈர வேட்டியின் நுனியைப் பிழிந்துவிட்டார்.

"தண்ணி யாரு குடுத்தது?"

"நாந்தான்."

"குடிச்சாளா?"

"குடிச்சாங்க."

"சரி" என்றார்.