ஒன்றரைப் பேர்

தெய்வம்மா டீச்சருக்கு நல்லது செய்வதற்காக ஒரு படிவம் வந்தது. இருபது கட்டங்கள், கட்டத்துக்கு ஐந்து மதிப்பெண், ஆக நூறு. இன்ஸ்பெக்டர் வகுப்பின் பின்பக்கம் உட்கார்ந்து ஒரு பாடவேளை முழுக்கக் கவனிப்பார். கவனித்ததைக் கட்டங்களில் எழுதுவார். அதனால் டீச்சரின் கற்பித்தல் மேம்படும் என்று சுற்றறிக்கை சொன்னது. ஐம்பது வாங்கினால் தற்காலிக வேலை நிரந்தரமாகும். அதற்குக் கீழே போனால் 'தக்க முடிவு எடுக்கப்படும்'.

தக்க முடிவு என்றால் முதுகில் மறுபடியும் தேயிலைக் கொழுந்துக் கூடை என்று தெய்வம்மாவுக்குத் தெரியும். அதற்குச் சுற்றறிக்கை தேவையில்லை.

அவள் பிறந்தது இலங்கையில், அட்டன் பக்கத்து டிக்கோயாவில், தோட்டத்து வரிசை வீடான லயத்தில். படித்து முடித்து அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே ஆறு வருஷம் சொல்லிக் கொடுத்தாள். அதற்குள் இரண்டு தேசத்துப் பெரிய மனிதர்கள் உட்கார்ந்து பேசி, இந்த ஜனங்களை ஆளுக்கு இத்தனை என்று பிரித்துக்கொண்டார்கள். 'உன் ஊருக்குப் போ' என்று ஒரு தேசம் கப்பலேற்றியது. 'உன் ஊர் எது?' என்று இன்னொரு தேசம் மண்டபம் முகாமில் கேட்டது. டிக்கோயா என்று அவள் உண்மையைச் சொன்னாள். "இந்தியாவுல எதும்மா?" என்று குமாஸ்தா எரிந்து விழுந்தார். கடைசியில் அவரே ஏதோ ஒரு ஊரை எழுதிக்கொண்டார். அந்த ஊரை அவள் இன்றுவரை பார்த்ததில்லை.

குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவே, தாயகம் திரும்பியவர்களுக்கென்று போட்ட தேயிலைத் தோட்டத்தில் இரண்டு வருஷம் கொழுந்து பறித்தாள். படித்தவள் என்பது பிறகுதான் யார் கண்ணிலோ பட்டது. தகரக் கொட்டகைப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியை ஆனாள். நாலு வருஷமாக அந்தத் தற்காலிகம் நீண்டுகொண்டிருந்தது. நாற்பத்துமூன்று பிள்ளைகளும் அவள் ஒருத்தியும்தான் அந்தப் பள்ளிக்கூடம்.

தலைமை ஆசிரியர் என்று ஒருவரும் உண்டு. கருப்புசாமி, கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். குன்னூரில் குடியிருந்தார். பஸ் வரும் நாளில் வருவார். பஸ் தினமும் வரும். ஆனால் அவருடைய பஸ் வேறு.

படிவம் வந்த பிறகு அவர் தொடர்ந்து நாலு நாள் வந்தார். பிள்ளைகள் அவரைப் புது வாத்தியார் என்று நினைத்து எழுந்து நின்றார்கள்.

"பாருங்க டீச்சர், புஸ்தகத்துல என்ன இருக்குதோ அதைய மட்டும் எடுங்க. பின்னக் கணக்குங்க. ஒரு ஆப்பிள், ரெண்டா வெட்டுனா அரை. அவ்வளவுதானுங்க. உங்க சிலோன் பாசையெல்லாம் அன்னைக்கு வேண்டாமுங்க, இன்ஸ்பெக்டருக்குப் புடிக்காது" என்றார்.

"புள்ளைங்க ஆப்பிள வெட்டிப் பாத்ததில்லைங்களே சார்."

"அட்டையில வெட்டித் தொங்க விடுங்க. துணைக்கருவிக்கே அஞ்சு மார்க்குங்க!"

தெய்வம்மா அட்டையில் ஆப்பிள் வெட்டிச் சிவப்புச் சாயம் பூசினாள். நாலு நாளும் அதையே வெட்டி ஒட்டி, வெட்டி ஒட்டி, கடைசியில் அது தக்காளி மாதிரி ஆகிவிட்டது.

இன்ஸ்பெக்டர் சென்னியப்பன் ஐயா பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிப் பதினொன்றுக்கு ஜீப்பில் வந்து இறங்கினார். மப்ளர், கையில் படிவம் செருகிய நோட்டு, காதில் பேனா. வகுப்பின் பின்னால் போட்ட நாற்காலி ஆடியதால் உட்காராமல் நின்றார். வினை அங்கேதான் பிடித்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு முதுகுக்குப் பின்னால் நோட்டோடு ஒருவர் நிற்கிறார் என்றால் அவர் சூப்ரவைசர். அவர் நிற்கும்போது வாயை மூடிக்கொண்டு கையை ஓட்ட வேண்டும். இல்லையென்றால் அம்மாவுக்கு அன்றைக்கு முழு நாள் கூலி விழாது. இது அவர்கள் வீட்டில் கற்ற பாடம், படிவத்தில் இதற்குக் கட்டம் கிடையாது.

"ஆப்பிளை ரெண்டா வெட்டினா ஒரு துண்டு எவ்வளவு?" என்று கேட்டாள் தெய்வம்மா. நாற்பத்துமூன்று பேரும் சிலேட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். மறுபடியும் கேட்டாள். மழை தகரத்தில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. சென்னியப்பன் 'வகுப்பறை அமைதி' என்ற கட்டத்தில் ஐந்துக்கு ஐந்து போட்டார்.

அந்தக் கணக்கு அந்தப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தெரிந்ததைச் சொல்ல முடியாமல் முழிக்கிறார்களே என்று தெய்வம்மாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆப்பிளைத் தூக்கி மேஜைமேல் போட்டாள்.

"ரோஸ்மேரி, எந்திரி. காலையில பெரட்டுக்குப் போன ஒங்கம்மா, மத்தியானம் காய்ச்சல்னு வீட்டுக்கு வந்திட்டா. அம்மாவுக்கு எத்தனை பேரு?"

பெரட்டு என்றால் காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் இடம். இலங்கைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்று சொல்வார்கள். பாதி நாள் வேலை செய்தால் அரைப்பேர். கடலைத் தாண்டி அவர்கள் எடுத்து வந்த சாமான்களில் உடையாமல் வந்தது இந்தச் சொல் ஒன்றுதான்.

"அரைப்பேரு டீச்சர்!" என்றாள் ரோஸ்மேரி.

"ரெண்டு அரைப்பேரு?"

"ஒரு பேரு!" வகுப்பே சேர்ந்து சொன்னது.

"மூணு நாளும் மழை, மூணு நாளும் அரைப்பேரு. மொத்தம்?"

"ஒன்றரைப் பேரு டீச்சர்!" தகரமே அதிர்ந்தது. நான் நீ என்று கை தூக்கினார்கள். கால் பேர் உண்டா என்று ஒருத்தி கேட்டாள். அது கிடையாது, ஆனால் கணக்கில் உண்டு என்று தெய்வம்மா கால், அரை, முக்கால் மூன்றையும் பலகையில் எழுதினாள். ஆப்பிளை நாலு நாள் வெட்டியும் ஏறாத பாடம் நாலு நிமிஷத்தில் ஏறியது. அவளுக்கே மேல் சிலிர்த்தது.

திரும்பிப் பார்த்தபோது சென்னியப்பன் ஐயா வேகமாக எழுதிக்கொண்டிருந்தார். பதினெட்டு நிமிஷத்தில் நோட்டை மூடிவிட்டு, தேயிலை ஃபேக்டரியில் சாப்பாடு ஆறிவிடும் என்று கிளம்பிவிட்டார்.

மத்தியானம் கருப்புசாமி படிவத்தின் நகலோடு தலையில் அடித்துக்கொண்டு வந்தார். துணைக்கருவிக்கு ஐந்து. யாரும் பார்க்காத அந்தத் தக்காளிக்கு! மாணவர் பங்கேற்புக்கு ஒன்று; 'கூச்சல்' என்று குறிப்பு. பாடப்பொருள் அறிவுக்குப் பூஜ்யம். பக்கத்தில் எழுதியிருந்தது: 'ஆசிரியை மனிதர்களைப் பின்னமாக்குகிறார். ஒன்றரைப் பேர் என்ற விடையைச் சரி என்கிறார். பேர் என்பது முழு எண்ணாக மட்டுமே வரும் என்ற அடிப்படை தெரியவில்லை. பாதி மனிதர் என்ற கருத்து பிஞ்சு மனங்களைப் பாதிக்கும்.'

மொத்தம் நாற்பத்தேழு.

தெய்வம்மா படித்துவிட்டுச் சிரித்தாள். முதலில் சிரிப்புத்தான் வந்தது. "நான் போய் அவருகிட்டச் சொல்றேன் சார்" என்று குடையை எடுத்தாள்.

"அதெல்லாம் ஆயிப்போச்சுங்க. சோறு உங்கறப்ப ஃபேக்டரி கிளார்க் வெவரம் சொல்லிட்டாருங்க. 'அட, அப்படியா?'ன்னு ஐயாவே சிரிச்சுட்டாருங்க."

"அப்ப மாத்திக் குடுப்பாரா?"

"எப்படிங்க? கார்பன் வெச்சு மூணு காப்பி, பேனாவுல எழுதியாச்சு. அடிச்சுத் திருத்துனா அவரு மேல கேள்வி வருமுங்களே. அடுத்த வருசம் பாத்துக்கலாம்னாருங்க."

அவர் தப்புக்கு அவருக்குக் கேள்வி வரக்கூடாது, அவள் சரிக்கு அவளுக்குக் கூடை வரலாம். மேம்பாடு என்றால் இதுதான் போலிருக்கிறது. அன்று இரவு தெய்வம்மா சாப்பிடவில்லை.

கூடை வரவில்லை. ஒரு மாதம் கழித்துத் தக்க முடிவு தபாலில் வந்தது. நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவே வாங்கியவர்கள் பகுதிநேர ஆசிரியர்களாகத் தொடரலாம். காலையில் மட்டும் வகுப்பு, சம்பளத்தில் பாதி. மத்தியான வகுப்பைத் தலைமை ஆசிரியர் எடுக்க வேண்டும். கருப்புசாமி அந்தக் கடைசி வரியை மூன்று முறை படித்தார்.

"டீச்சர், நீங்க எப்பவும் போல இருந்துக்குங்க. மத்தியானம் ஒரு ரெண்டு மணி நேரம். புள்ளைங்களுக்காவ..." என்று இழுத்தார்.

"அரைப்பேரு போட்டவங்க பன்னெண்டு மணிக்கு மலை எறங்கிறணுங்க சார். அதுதான் தோட்டத்துச் சட்டம்" என்றாள் தெய்வம்மா.

மறுநாள் பன்னிரண்டு அடித்தது. பலகையில் கணக்குப் பாதியில் நின்றது. அவள் சாக்குக்கட்டியை வைத்துவிட்டுக் குடையை எடுத்தாள். பிள்ளைகள் முழித்தார்கள். அவள் வாசலைத் தாண்டிவிட்டாளே தவிர, மனசு தாண்டவில்லை. கொட்டகைக்குப் பின்னால் ஜன்னலோரம் சில்வர் ஓக் மரத்தடியில் குடையை விரித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு பாடவேளையை முழுக்க நின்று கவனித்த முதல் ஆள் அவள்தான்.

கருப்புசாமி ஒன்றரைக்கு வந்தார். மேஜையில் கிடந்த அட்டையைக் கையில் எடுத்தார். "இது என்னது?"

"தக்காளி சார்" என்றது வகுப்பு.

ஆப்பிள் என்று நிரூபிக்கவே பத்து நிமிஷம் போனது. பிறகு அதை வெட்டினார். யாரும் வாய் திறக்கவில்லை. மறுபடியும் வெட்டினார். அதட்டிப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே தெய்வம்மாவுக்குக் கை துறுதுறுத்தது. கடைசியில் மனுஷன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு தணிந்து வந்தார்.

"சரி, உங்க பாசையிலயே கேக்கறேன். காலையில டீச்சர் வந்தாங்க, அவங்களுக்கு அரைப்பேர். மத்தியானம் நான் வந்தேன், எனக்கு அரைப்பேர். ரெண்டும் சேந்தா எத்தனை? ரோஸ்மேரி, நீ சொல்லு சாமி."

ரோஸ்மேரி எழுந்து, விரல்விட்டு எண்ணி, யோசித்துச் சொன்னாள்.

"அரைப்பேருதான் சார்."

"எப்புடி? அரையும் அரையும் ஒண்ணாச்சே!"

"டீச்சருக்கு அரைப்பேரு சரி சார். நீங்க காலையில பெரட்டுக்கே வரலியே. பெரட்டுக்கு வராதவங்களுக்குப் பேரே கெடையாது சார்."

தெய்வம்மா குடையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு அழுதாள். கணக்கு சரியாக இருந்தது.