காதர் மாமாவின் விளக்கெண்ணெய்ப் புகை

மக்களே, நேற்று உங்கள் உம்மா அடுப்பில் வைத்த விளக்கெண்ணெய் புகைந்தபோது, நான் அந்தப் புகைக்குள் போய் நின்றதைப் பார்த்துச் சிரித்தீர்கள். காரணம் காதர் மாமா.

கொச்சி மட்டாஞ்சேரியில் அவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். வாப்பா மௌத்தாகி, தகப்பனில்லாமல் நின்ற என்னை வளர்த்தவர். மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டுவார். பந்தய வண்டியின் எஞ்சினுக்கு அந்தக் காலத்தில் விளக்கெண்ணெய்தான் ஊற்றுவார்கள். அவர் வண்டியைக் கிளப்பினால், மிளகுக் கிடங்குகளின் காரத்தையும் மீறி அந்தப் புகை எங்கள் சந்து முழுவதையும் நிறைக்கும்.

எனக்குப் பத்து வயதானபோதுதான் என்னைப் பந்தயம் பார்க்கக் கூட்டிப்போனார். கடைசிச் சுற்று வரை அவரே முன்னால் வந்தார். நான் நின்ற இடத்துக்கு வந்ததும் என்னைப் பார்த்தார். உடனே வேகம் குறைந்தது. மூன்று வண்டிகள் அவரைத் தாண்டிப் போயின.

"எந்தா காதரே, பொண்ணு பார்க்கப் போற மாதிரி ஓட்டினே?" என்றார் கூட்டாளி அந்தோணி.

"எண்ணெய் தீர்ந்துபோச்சு சேட்டா."

வீட்டில் மாமா எஞ்சினின் அடியில் இருந்த எண்ணெய்த் திருகாணியைக் கழற்றினார். நான் பிடித்த சட்டி எண்ணெயால் நிரம்பி வழிந்தது.

"மாமா, இவ்வளவு இருக்கே?"

"கையைத் துடைச்சிட்டு சாயா குடிக்க வா, மோனே."

அதற்குப் பிறகு அவர் பந்தயத்துக்கே போகவில்லை. பயந்துவிட்டார் என்றார்கள் சிலர். வாப்பா இல்லாத எனக்காக நிறுத்தினார் என்றாள் மாமி. எனக்காக என்றால் நான் சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா? இன்றும் தெரியவில்லை.

இன்று காலை நீங்களெல்லாம் வெளியே போனபின், சூடான சட்டியில் ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டேன். புகை அடங்கும்வரை நின்றேன். பிறகு கையைத் துடைத்துவிட்டுச் சாயா குடித்தேன்.