சைஸ் சரியாக இருந்தால் போதுமா?

என் தங்கை கல்யாண வீடியோவை வாங்க திருத்துறைப்பூண்டி ஸ்டுடியோவுக்குப் போயிருந்தேன். போன மாசம் தவறிய எங்கப்பா நடப்பதும் பேசுவதும் அந்த வீடியோவில் மட்டும்தான் இருக்கிறது.

"பென்டிரைவ்ல ஏத்திட்டேன். இங்க கம்ப்யூட்டர்ல இடம் இல்ல, இதுல இருக்கறதை அழிச்சிடறேன்" என்றார் ஸ்டுடியோக்காரர்.

நான் எட்டாவதோடு நின்றவள், எதற்கும் பயப்படுவேன். "சரிபார்த்துட்டு அழிங்க" என்றேன்.

"ரெண்டு ஃபைலுக்கும் சைஸ் ஒண்ணாத்தானேக்கா இருக்கு? உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்."

கம்ப்யூட்டர் தெரிந்த தங்கைக்கு போன் போட்டேன். அவள் சொன்ன கட்டளையை ஸ்டுடியோக்காரர் முணுமுணுத்துக்கொண்டே கறுப்புத் திரையில் தட்டினார். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு நீளமான எண்ணைக் காட்டும் கட்டளை அது; ஃபைலுக்குள் ஒரு துளி மாறினாலும் எண் வேறாக வரும். கம்ப்யூட்டர் ஃபைலுக்கு ஒன்று வந்தது, பென்டிரைவ் ஃபைலுக்கு வேறொன்று வந்தது. பென்டிரைவ் வீடியோவைப் போட்டுப் பார்த்தால், அப்பா தாரை வார்க்கும் இடத்தில் படம் உறைந்து நின்றது.

"பென்டிரைவ் கோளாறுக்கா, நான் என்ன பண்றது?"

"அழிச்சிருந்தா எங்கப்பாவை எங்கேருந்து கொண்டாந்து தருவீங்க?" என்று கத்திவிட்டேன். வேறு பென்டிரைவில் ஏற்றி, எண் ஒத்துப்போவதைக் காட்டித் தந்தார். இன்னும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

இப்போதெல்லாம் ஃபைல் ஏற்றித் தரும் எந்தக் கடையானாலும், இரண்டு எண்ணும் கடைசி இலக்கம் வரை ஒத்துப்போகாமல் நாற்காலியை விட்டு எழுவதில்லை. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.